தட்டச்சு உதவி

யாரும் படிக்காத வாக்கியங்களை எழுதித்தான் நான் சாப்பிடுகிறேன். ஈரக் கையால் தொடாதீர்கள். மூடியைத் திறக்குமுன் மின் இணைப்பைத் துண்டியுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். துணி துவைக்கும் இயந்திரமோ, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோ, எதை வாங்கினாலும் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதன் தமிழ்ப் பக்கங்கள் என்னுடையவையாக இருக்கலாம். நீங்கள் அதைப் பிரிக்காமலே பெட்டியோடு பரணில் போட்டிருப்பீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபம் முழுவதையும் ஒரே ஆளுக்காக ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துபவர். மைக் கிடைத்தால் விடமாட்டார். மைக் கிடைக்காவிட்டால் சாப்பாட்டு மேசையிலேயே பேசுவார். லினக்ஸ் என்று இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளம் இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான், அதை மறுக்கமாட்டேன். லினக்ஸில் வகைகள் ஏராளம். டிஸ்ட்ரோ என்பார்கள். உள்ளே இருக்கும் இன்ஜின் ஒன்றுதான், மேலே கட்டியிருக்கும் உடம்புதான் வேறு வேறு. சிலவற்றில் மினுக்கு அதிகம், அலங்கார வண்டி மாதிரி. சிலது வெறும் சைக்கிள். வயதான லேப்டாப்புக்கு சைக்கிள்தான் சரி. அப்படி ஒரு சைக்கிள் டிஸ்ட்ரோவை நான் நாலு வருஷம் உட்கார்ந்து தமிழாக்கினேன். சம்பளம் இல்லாத வேலை. கையேட்டு வேலை முடிந்து மிஞ்சிய நேரமெல்லாம் அதற்குத்தான் போனது.

அதைக் கணினியில் நிறுவும்போது வரும் ஓர் எச்சரிக்கைக்காக மட்டும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'இதற்குப் பிறகு இந்த வட்டில் இருக்கும் எதுவும் மிஞ்சாது. எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டீர்களா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் ஆம் என்றால் மட்டும் தொடருங்கள்.' வட்டு என்றால் ஹார்ட் டிஸ்க். கீழே இரண்டு பொத்தான்கள். தொடர்க, வேண்டாம்.

அத்தான் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எச்சரிக்கையா, பெரியவங்க புத்திமதியா என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "சின்னவளே, இதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க?" என்றார்.

டிஸ்ட்ரோ வெளியான நாளில், யார் யார் உழைத்தார்கள் என்று சொல்லும் அதன் 'பற்றி' பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தமிழ்க் குழுவின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அந்தப் பக்கத்தை எழுதும் உரிமை அத்தானிடம் இருந்தது. முனைவர் பட்டம் பெற்றவர் பெயர் மேலே இருந்தால் நாலு பேர் மதிப்பார்கள் என்று நானேதான் அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது. 'தமிழாக்கம்' என்பதன் கீழே அத்தானின் பெயர், பட்டங்கள், பதவி, புகைப்படம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. 'தட்டச்சு உதவி: மைத்துனி.'

பெயர்கூட இல்லை. மைத்துனி. நாலு வருஷம்.

போய்க் கேட்டேன். "நமக்குள்ள என்ன, உன் பேரு வேற என் பேரு வேறயா?" என்றார். அவருக்குப் பின்னால் அக்கா தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே, விடு என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதைவிட எரிச்சலாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள் அவள். விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பாள், அடித்ததில் பிழை இருக்காது. தட்டச்சு என்றால் என்ன, மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்று தெரிந்தவளே விடு என்கிறாளே என்று வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தேன். நல்ல நாள் பெரிய நாளில் போய்ச் சிரித்துப் பேசுவேன். உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்.

பழம் நழுவிப் பாலில் விழ ஒரு வருஷம் ஆனது. புதிதாகத் தொடங்கிய மொழி மையம் ஒன்றுக்கு இயக்குநர் தேடினார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் பொதுமக்கள் முன்னால் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அத்தான் தன் லேப்டாப்பையே தேர்ந்தெடுத்தார்.

அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போவார். வந்து தலை துவட்டும்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு கோப்பைத் திறந்தால் ஃபேன் இரைவது பக்கத்து அறைக்குக் கேட்கும். மூடும்போது ஜன்னல்கள் நெளிந்து நெளிந்து மறையும் மினுக்கு டிஸ்ட்ரோவை அதில் போட்டு வைத்திருந்தார், மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று. கிழவனுக்குப் பட்டு வேட்டி கட்டி ஓட்டப் பந்தயத்தில் விட்ட கதைதான். எடையில்லாததை மாற்றிப் போடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் மாற்றாதவர், இப்போது மேடையில் வைத்து மாற்றப் போகிறாராம். 'பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள், நான் தமிழாக்கிய டிஸ்ட்ரோவைப் போடுங்கள், பறக்கும் பாருங்கள்' என்று காட்டுவது அவர் திட்டம். முடிந்ததும் அதே லேப்டாப்பில் தன் உரையின் படங்களை ஓட்டுவார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

ஒத்திகைக்காக லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பென்டிரைவில் புதிய பதிப்பைப் போட்டு, இந்த இயந்திரத்தில் ஓடுகிறதா என்று பார்த்துவைக்க வேண்டும். அதோடு விழாவில் நான் முன் வரிசையில் உட்கார வேண்டும். "ஏதாவது தப்பாப் போச்சுன்னா உன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டு. நான் பாத்துக்கறேன்."

அப்போது அவரிடம் ஒன்று சொன்னேன். முந்தைய பதிப்பில், உங்கள் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மாற்றும் வழிதான் முதலில் வரும். புதிய பதிப்பில் வட்டு முழுவதையும் துடைக்கும் வழிதான் முதலில் வருகிறது. தானமாகக் கொடுக்கும் கணினிகளில் பழைய சொந்தக்காரரின் சமாச்சாரம் மிஞ்சக்கூடாது என்று மாற்றியிருக்கிறார்கள். அதனால் திரையில் வருவதைப் படித்துவிட்டு அழுத்துங்கள் அத்தான் என்றேன். நகல் எடுத்தாயிற்றா என்றும் கேட்டேன்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு," என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "நாம எழுதினதை நாமே படிக்கணுமா என்ன?"

ஒருமுறை சொன்னேன். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் நகல் எடுத்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். குடையையே மழை வந்த பிறகு தேடுகிறவர். ஆனால் யாருடைய கணினியானாலும் நகல் எடுக்காமல் நான் தொடுவதில்லை, எதிரியின் கணினியானாலும். அவருடைய வட்டில் இருந்த எல்லாவற்றையும் என் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இறக்கினேன். கோப்புகள் ஓடும்போது பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு புத்தகம் இருந்தது. 'கணித்தமிழும் நானும்', தன்வரலாறு, கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மரியாதை பார்க்காமல் திறந்தேன். என்னைத் தேடினேன். ஓரிடத்தில் இருந்தேன். 'என் மைத்துனி அவ்வப்போது காபி கொண்டுவந்து தருவாள்.' தட்டச்சிலிருந்தும் இறக்கிவிட்டார். இன்னும் நாலு பக்கம் தள்ளி, அந்த எச்சரிக்கை வாக்கியம் தனக்கு ஒரு காலை நடையின்போது தோன்றியதாக எழுதியிருந்தார். சூரியன் எழுந்துகொண்டிருந்ததாம்.

அந்த இடத்தில் நான் முடிவுசெய்துவிட்டேன். நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, யாருக்கும் எதுவும் நிஜமாகத் தொலையப் போவதில்லை. மேடையில் நடப்பது நடக்கட்டும். பிறகு இந்த ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, பற்றி பக்கத்தில் என் பெயரை முழுசாக, தமிழாக்கம் என்ற சொல்லுக்கு நேர் கீழே போடச் சொல்வேன். அவர் கையாலேயே போட வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சாதுவாகக் கேட்டுப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. அக்கா எனக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தேர்வுக் குழுவின் தலைவி நரைத்த தலையும் கனத்த கண்ணாடியுமாக ஓரத்தில் இருந்தார். மேடையில் சுவர் முழுக்கத் திரை. அத்தானின் லேப்டாப்பில் தெரிவதெல்லாம் அதில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அத்தான் முதலில் அதன் பழைய வேகத்தைக் காட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அவர் இரண்டு நகைச்சுவை சொன்னார், ஜனம் சிரித்தது. பிறகு பென்டிரைவைச் செருகி, திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு கையில் மைக்கும் இன்னொரு கை மவுஸிலுமாக, தாய்மொழியில் கணினி பேசும் பெருமையைப் பேசத் தொடங்கினார். மொழியைத் தேர்ந்தெடுத்தார், தொடர்க. நேரத்தைத் தேர்ந்தெடுத்தார், தொடர்க. ஒன்றையும் படிக்கவில்லை. தொடர்க, தொடர்க.

என் வாக்கியம் வந்தது.

நான் எழுதிய எதையும் அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கண் கலங்கியது. அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் படித்தார்கள், உதடுகள் அசைவது தெரிந்தது. படிக்காத ஒரே ஆள் அதை எழுதியதாகச் சொல்லிக்கொண்டவர். முன் வரிசையில் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் பொறுக்காமல் எழுந்து, எதுவும் மிஞ்சாது என்று போட்டிருக்கிறதே ஐயா என்றார். அத்தான் சிரித்தார்.

"அது சும்மா பயமுறுத்தறதுக்கு. வழக்கமா வர்றதுதான்."

சொன்னாரே ஒழிய, கண் என் பக்கம் வந்தது. கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. அதைக் கழற்றவும் இல்லை, தொடவும் இல்லை. மடியில் இருந்த கை மடியிலேயே இருந்தது. ஒரு வருஷமாக உள்ளே கொதித்தது அப்போது ஆறி, இனிப்பாக இருந்தது.

தொடர்க.

புதிய டிஸ்ட்ரோ ஏறியது. திரும்பவும் ஆன் செய்தபோது ஒரு தும்மல் போடும் நேரத்தில் லேப்டாப் எழுந்து நின்றது. ஃபேன் சத்தமே இல்லை. கைதட்டல் அரங்கத்தை அதிரவைத்தது, நானும் தட்டினேன். சைக்கிள் வேலையைச் சரியாகச் செய்திருந்தது, அது என் வேலையும்தானே. அத்தான் தலைகுனிந்து வணங்கி, இப்போது என் உரைக்குப் போகலாம் என்று ஆவணங்கள் உறையை, அதாவது ஃபோல்டரை, திறந்தார்.

வெறுமை. சுவர் முழுக்க வெள்ளை. நடுவில், சாம்பல் நிறத்தில், 'இந்த உறையில் எதுவும் இல்லை.' அதுவும் என் வாக்கியம்தான்.

மூடித் திறந்தார். இன்னொரு உறையைத் திறந்தார். மைக்கை அணைக்க மறந்ததால் அவர் மூச்சு எல்லோருக்கும் கேட்டது. குழுத் தலைவி எழுந்து, கடுமையில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார், அந்த எச்சரிக்கையை எழுதியது நீங்கள்தானே என்று. அத்தான் எதையாவது பிடித்துக்கொள்ளத் தவித்தார். கண்ணில் பட்டது நான்.

"அது... நான் எழுதினது இல்லைங்க. அதோ உக்காந்திருக்காளே, என் மைத்துனி, அவ எழுதினது. தெளிவா எழுதலை."

ஜனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பழி போடுவதற்காகத்தான் என்றாலும் உண்மை முதன்முதலாக மைக்கில் வந்தது. தலைவி திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "எங்க எல்லாருக்கும் தெளிவாத்தான் இருந்தது," என்றார். உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டார். அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது.

மறுநாள் அத்தான் என் வீட்டுக்கு வந்தார். மூஞ்சி இஞ்சி தின்ற மாதிரி இருந்தது. கண்ணாடியைப் பற்றிக் கேட்டார். நீங்கள் எழுதிய எச்சரிக்கையாயிற்றே, உங்களுக்குத் தெரியாதா என்று நினைத்தேன் என்றேன். அதற்குமேல் அதை அவர் கிளறவில்லை. அழிந்ததை எப்படியாவது மீட்க முடியுமா என்பதுதான் அவர் கவலை. பார்க்கலாம், வழி இருக்கலாம் என்றேன். நகல் இருப்பதைச் சொல்லவில்லை. முதலில் பற்றி பக்கத்தை மாற்றுங்கள் என்றேன்.

பேரம் பேசினார், காய்கறிக் கடையில் நிற்பது போல. தட்டச்சு உதவி என்பதை மொழி உதவி என்று மாற்றுகிறேன் என்றார். முடியாது என்றேன். சரி, துணை மொழிபெயர்ப்பாளர் என்றார். பெயரோடா என்று கேட்டேன். முதலெழுத்துகள் மட்டும் என்றார். இப்போது திடீரென்று மாற்றினால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று வருத்தத்தோடு கேட்டார், நான் ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி. நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். எனக்கு அவசரமில்லை. ஹார்ட் டிஸ்க் என் மேசை இழுப்பறையில் இருந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது, சரி, பெயரைப் போட்டுவிடலாம், வார்த்தைகளை மட்டும் பேசி முடிவுசெய்வோம் என்றார். வழிக்கு வந்துகொண்டிருந்தார். இன்னும் இரண்டு நாள் போதும்.

ஆனால் அன்று மத்தியானமே அக்கா வந்தாள்.

அவள் கேட்டது படங்களை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்தவை, எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. கேட்கும்போதே அவள் குரல் உடைந்தது. அவளிடம் என்னால் நடிக்க முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் காட்டினேன். எல்லாம் இருக்கு, ஒண்ணும் போகலை என்றேன். என் திட்டம் முழுவதையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, திற பார்க்கலாம் என்றாள்.

படங்களை ஒரு பென்டிரைவில் இறக்கிக் கொடுத்தேன். அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினாள். எழுந்திருக்கவில்லை. திரையில் இருந்த உறைகளின் பெயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றின் மேல் விரலை வைத்தாள். 'ஆய்வேடு.' அத்தானை முனைவராக்கியது.

"இதை அடிச்சது நான்தான்," என்றாள்.

தெரியுமே என்றேன். நீதானே நன்றாக அடிப்பாய்.

"அடிச்சது மட்டுமில்ல. அவர் குறிப்பு சொல்லிட்டுத் தூங்கிடுவார். மிச்சத்தை நான் எழுதுவேன். மூணாவது இயல் முழுக்க என்னோடது." அவள் குரலில் கோபமே இல்லை, கடைக்குப் போய் வந்த கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "நன்றி சொல்ற பக்கத்துல மாடி வீட்டுக்காரருக்குக்கூட நன்றி போட்டிருப்பார், சத்தம் போடாம இருந்ததுக்கு. உனக்காவது தட்டச்சு உதவின்னு ஒரு வரி போட்டாரு. எனக்கு அதுவும் போடலை."

தட்டுகளைத் துடைத்தபடி விடு என்று சொன்ன அந்த முதுகு நினைவுக்கு வந்தது. அவளைக் கோழை என்று ஒரு வருஷமாக மனதுக்குள் வைதிருந்தேன்.

"படம் வந்துடுச்சு. மிச்சத்தை அழிச்சுடலாம்," என்றாள் அக்கா. "நான் அழிக்கறேன். எப்படின்னு காட்டு."

நான் பதறிவிட்டேன். இதுதான் என் பிடி, இது போனால் அவர் என் பெயரைப் போடவேமாட்டார் என்றேன். கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார், இரண்டு நாள் பொறு என்று கெஞ்சினேன். எனக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது. இப்போதும் வேண்டும், அதில் பொய் சொல்ல மாட்டேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்.

"பேரைப் போட்டதும் இதைத் திருப்பிக் குடுத்துடுவே. அந்தப் புத்தகம் வெளியே வரும். அதுல நான் எங்கடி இருக்கேன்?"

தேடியிருந்தால் சொல்லியிருப்பேன். அன்று அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது நான் என்னை மட்டும்தான் தேடினேன். இப்போது தேடினோம். பக்கம் பக்கமாகத் தேடினோம். மனைவி என்று ஒரு சொல் இல்லை. காபி கொண்டுவந்ததுகூட நான்தான்.

நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தேன்.

என் கணினியிலும் அதே டிஸ்ட்ரோதான்; அதோடு வரும் வட்டு துடைக்கும் கருவியை அந்த ஹார்ட் டிஸ்க்குக்காகத் திறந்து கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன். அதிலும் அதே எச்சரிக்கையைத்தான் வைத்திருந்தேன், இரண்டு இடத்துக்கு இரண்டு வாக்கியம் எழுதத் தெம்பில்லாமல். திரையில் அது வந்தது. அக்கா தட்டச்சுக்காரி, ஒரு பார்வையில் ஒரு பத்தியை விழுங்குகிறவள். ஆனால் அன்று விரலை வைத்து, முதல் சொல்லிலிருந்து நிதானமாகப் படித்தாள். இதற்குப் பிறகு இந்த வட்டில் இருக்கும் எதுவும் மிஞ்சாது. நிறுத்தினாள். எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டீர்களா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பையைத் திறந்து பென்டிரைவ் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடினாள். பதில் ஆம் என்றால் மட்டும் தொடருங்கள்.

"நல்லா எழுதியிருக்கே," என்றாள். "தெளிவாப் புரியுது."

என் வாக்கியத்தைக் கடைசிவரை படித்துவிட்டுத் தொடர்க என்பதை அழுத்தி நான் பார்த்த முதல் ஆள் அவள்தான்.